கிண்ணத்தின் ஒரு பக்கம் மட்டும் ஏன் பச்சை?

கேள்வி: விறகுச் சூளையில் மூன்று நாள் சுட்ட தேநீர்க் கிண்ணம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. ஒரு பக்கம் பச்சைக் கண்ணாடி உருகி வழிந்ததுபோல் இருக்கிறது. மறுபக்கம் செம்பழுப்பு, சொரசொரப்பு. மெருகு எதுவும் பூசவில்லையாம். பிறகு இந்தப் பச்சை எப்படி வந்தது?

பதில்: சாம்பல்தான்! தீயோடு பறக்கும் சாம்பல், தீயைப் பார்த்த பக்கத்தில் படிகிறது. சூளை 1,250 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சாம்பலிலுள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் களிமண்ணின் சிலிகாவோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகின்றன. பச்சை, இரும்பு தரும் நிறம். ஜப்பானின் ஷிகராக்கிக் கலங்களின் அழகும் இதுதான். என் முதல் சூளையில் தீவாய்க்கு அருகே வைத்த கிண்ணங்கள் பலகையோடு ஒட்டிக்கொண்டன; ஒன்றைக்கூட முழுதாக எடுக்க முடியவில்லை. அன்று அழுதேன். இப்போது அடியில் சிப்பிகளுக்குள் களிமண் அடைத்து வைக்கிறேன். உங்கள் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்.

கேட்டவர்: மூன்று சிப்பித் தடங்கள், வரிவரியாக! தேநீர் இதில் ஊறுமா?

பதில்: அந்தச் சூட்டில் மண் கெட்டித்துவிடும், அநேகமாக ஊறாது. வெந்நீர் ஊற்றி உலர்ந்த தாளின்மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். குடிக்கும்போது சொரசொரப்பான பக்கம் உள்ளங்கையில் இருக்கட்டும். வழவழப்பான விளிம்பு உதட்டுக்கு.

இன்னொருவர்: அடிவளையம் கூராக இருந்தால் ஈரமான உப்புத்தாளால் தேயுங்கள். மேசை கீறாது.