மார்ஷல் 1959 ஹெட்: பத்து நிமிடத்தில் சத்தம் நின்றது, ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. சனிக்கிழமை நிகழ்ச்சி, உதவி!

ஹாரோ கிட்டார் | செவ்வாய், இரவு 11:52

வணக்கம் அண்ணாமார். ஞாயிற்றுக்கிழமை 1959 மார்ஷல் கிட்டார் ஆம்ப் ஒன்று வாங்கினேன், ஸ்பீக்கர் பெட்டி தனியாக வைக்கும் 100 வாட் ஹெட். பத்து வருடம் சேர்த்த காசு. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போட்டேன். பத்து நிமிடம் அப்படியொரு சத்தம், என் கையால் வாசித்து நான் கேட்டதே இல்லை. அப்புறம் திடீரென்று பெரிய இரைச்சல் எழுந்தது, உடனே எல்லாம் நின்றுவிட்டது. பின்னாலுள்ள ஃபியூஸ் போயிருந்தது. வேறு ஒன்று போட்டேன், அதுவும் போய்விட்டது. சனிக்கிழமை மண்டபத்தில் நிகழ்ச்சி. என்ன செய்யலாம்? கெதியாகச் சொல்லுங்கள்.

டொராண்டோ தந்தி | புதன், அதிகாலை 12:20

பின்னால் இரண்டு ஃபியூஸ் இருக்கும், எது போனது? மெயின்ஸா, எச்டியா (உள்ளே வால்வுகளுக்குப் போகும் உயர் வோல்டேஜ்)? முன்பக்க விளக்கு எரிகிறதா? எத்தனை ஆம்பியர் போட்டீர்கள்?

எனக்கு வோல்டேஜ் செலக்டர் மேல்தான் சந்தேகம். அமெரிக்காவிலிருந்து வந்த ஹெட்டாக இருந்தால் 120இல் வைத்திருப்பார்கள். அதை அப்படியே இங்கிலாந்துச் சுவரில் செருகினால் உள்ளே எல்லா வோல்டேஜும் இரட்டிப்பாகும். என் நண்பர் ஒருவர் ஊருக்குக் கொண்டுபோன ஆம்பை இப்படித்தான் இழந்தார்.

நாலு பன்னிரண்டு | புதன், காலை 6:05

1959ஆ? மார்ஷல் ஆம்ப் செய்யத் தொடங்கியதே 1962இல்தானே. உங்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். படம் போடுங்கள்.

பற்றாசு | புதன், காலை 6:48

நாலு பன்னிரண்டு தம்பி, தெரியாததை இவ்வளவு உறுதியாக எழுதாதீர்கள். 1959 ஆண்டு அல்ல, மாடல் எண். 100 வாட் சூப்பர் லீட் ஹெட்டுக்கு மார்ஷல் பட்டியலில் அந்த எண். அதன் கீழே வைக்கும் நான்கு ஸ்பீக்கர் பெட்டிக்கு 1960. ஹெட் வந்தது 1965இல். ஹூ இசைக்குழுவின் பீட் டவுன்செண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று ஜிம் மார்ஷலிடம் போய்க் கேட்டதில்தான் 100 வாட் பிறந்தது. கடை இருந்தது ஹான்வெல்லில், உக்ஸ்பிரிட்ஜ் சாலையில். கேள்வி கேட்டவர் இருக்கும் ஹாரோவிலிருந்து சில மைல்தான். இதையெல்லாம் நான் பல தடவை எழுதியாயிற்று, தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் கொடுத்த தகவலை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த ஆண்டு ஹெட், எந்த ஃபியூஸ், என்ன ஸ்பீக்கர் பெட்டி, அதன் மின்தடை எத்தனை ஓம், பின்னாலுள்ள ஓம் செலக்டர் எதில் நிற்கிறது, ஹெட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே என்ன கேபிள். இவ்வளவும் எழுதுங்கள். அதுவரை அதைத் தொடாதீர்கள்.

வால்வு ரேடியோ மதுரை | புதன், காலை 7:30

வணக்கம் தம்பி. 35 வருடம் வால்வு (கண்ணாடிக் குழாய்) ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்த்தவன் நான். கிட்டார் தெரியாது, வால்வு தெரியும். இரைச்சல் எழுந்து ஃபியூஸ் போனால் முதலில் கண்டென்சரைத்தான் பார்ப்பேன். ஐம்பது வருட ஆம்பில் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் உள்ளே காய்ந்திருக்கும். பல வருடம் சும்மா கிடந்ததை நேராக முழு மின்சாரத்தில் போட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

எங்கள் கடையில் பழைய செட் எது வந்தாலும் முதலில் சீரிஸ் பல்பில்தான் போடுவோம். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை லைனில் தொடராகக் கட்டி, அதன் வழியாகச் செட்டுக்கு மின்சாரம். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் பரவாயில்லை. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஃபியூஸ் வாங்கியே காசைக் கரைக்க வேண்டாம்.

பற்றாசு | புதன், காலை 7:41

ஐயா சொன்ன சீரிஸ் பல்பு சரி. ஆனால் இழை பல்புதான் வேண்டும், எல்ஈடி பல்பில் இது நடக்காது. கண்டென்சர் என்று இப்போதே முடிவு கட்டுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

ஹாரோ கிட்டார் | புதன், காலை 8:15

ரயிலில் இருக்கிறேன், சுருக்கமாக. போனது எச்டி ஃபியூஸ். விளக்கு எரிகிறது, வால்வுகளும் உள்ளே செம்மஞ்சளாக எரிகின்றன. செலக்டர் 240இல்தான். ஹெட் இங்கிலாந்திலேயே இருந்தது, ரீடிங் பக்கம் ஒரு வீட்டில் வாங்கினேன். 1,800 பவுண்டு. விற்றவர் எல்லாம் சரிபார்த்தது என்றார். சீரியல் எண்ணின் கடைசியில் ஈ எழுத்து. இரண்டாவதாகப் போட்ட ஃபியூஸ் வீட்டில் கிடந்தது, 3 ஆம்பியர்.

டொராண்டோ தந்தி | புதன், காலை 8:22

ஈ என்றால் 1973, நல்ல காலத்து ஹெட். செலக்டர் என்ற என் ஊகம் தவறு, விட்டுவிடுகிறேன். பெட்டி என்ன? எத்தனை ஓம்?

பற்றாசு | புதன், காலை 8:30

3 ஆம்பியரா? அந்த இடத்துக்கு 1 ஆம்பியர்தான். ஸ்பீக்கருக்குச் சக்தி அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் சாக வேண்டியது ஃபியூஸ். அதைப் பெரிதாக்கினால் டிரான்ஸ்ஃபார்மர்தான் முன்னால் சாகும். ஐம்பது வருட ஒரிஜினல் டிரான்ஸ்ஃபார்மரை இப்படிச் சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள். பெட்டியும் கேபிளும் ஓமும் இன்னும் எழுதவில்லை.

நாலு பன்னிரண்டு | புதன், காலை 9:10

மாடல் எண் என்று தெரிந்துகொண்டேன், நன்றி. அடுத்து வால்வு என்ன பிராண்ட்? இப்போது வருகிற ஈஎல்34 பவர் வால்வு எதிலும் பழைய ஆயுள் இல்லை. பிளாக்பர்ன் ஆலையில் செய்த பழைய மல்லார்ட் நான்கு தேடிப் போடுங்கள், பிரச்சினை தீரும்.

வால்வு ரேடியோ மதுரை | புதன், காலை 9:26

மல்லார்ட் நல்ல வால்வு, மறுக்கவில்லை. ஆனால் கோளாறு என்னவென்று தெரியாமல் விலை கூடிய வால்வைப் போட்டால் அதுவும் சேர்ந்து எரியும். முதலில் காரணம், அப்புறம் வால்வு.

ஹாரோ கிட்டார் | புதன், மாலை 6:40

பெட்டி நண்பருடையது, நான்கு 12 அங்குல ஸ்பீக்கர். ஓம் எங்கும் எழுதியில்லை. ஹெட்டில் செலக்டர் 4இல் இருக்கிறது, வாங்கும்போதே அப்படித்தான். கேபிள் என்னுடைய கிட்டார் கேபிள்தான், நல்ல விலை கொடுத்து வாங்கியது.

டொராண்டோ தந்தி | புதன், மாலை 6:52

இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே தம்பி!

கிட்டார் கேபிளுக்குள் மெல்லிய ஒற்றைக் கம்பி, சுற்றிலும் வலை. கிட்டாரிலிருந்து வரும் சின்ன சிக்னலுக்கு அது போதும். 100 வாட் ஆம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது பல ஆம்பியர். கம்பி சூடாகும், உருகி ஷார்ட் ஆகலாம், நடுவில் அறுந்தும் போகலாம். அறுந்தால் ஆம்பின் தலையில் சுமை இல்லாமல் போகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறும். மேசை விளக்குக் கம்பி மாதிரி இரண்டு தடித்த கம்பி ஓடும் ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும்.

பெட்டியின் ஓம் தெரியவில்லையென்றால் மீட்டரை ஜாக்கில் வையுங்கள். 12, 13 காட்டினால் 16 ஓம் பெட்டி. 6 பக்கம் காட்டினால் 8 ஓம்.

ஹாரோ கிட்டார் | புதன், இரவு 7:30

12.8.

பற்றாசு | புதன், இரவு 7:44

16 ஓம் பெட்டியை 4இல் வைத்து முழுச் சத்தத்தில் வாசித்திருக்கிறீர்கள். வால்வுகள் தேவையானதைப் போல நான்கு மடங்கு இம்பீடன்ஸை (மின்தடையை) பார்த்திருக்கும். ஈஎல்34 அந்தத் திசையைத் தாங்காது, வால்வுக்குள் இருக்கும் ஸ்கிரீன் என்ற கம்பிவலை சூடாகும், வால்வு சாக்கெட்டில் தீப்பொறி தாவும். சந்தேகம் வந்தால் செலக்டரைப் பெட்டியைவிடப் பெரிய எண்ணில் வைப்பது குறைந்த ஆபத்து. இதுகூடத் தெரியாமல் பழைய 100 வாட் ஹெட் வாங்கக்கூடாது.

டொராண்டோ தந்தி | புதன், இரவு 7:50

தெரியாமல்தான் கேட்க வந்திருக்கிறார் அண்ணா. நாமும் ஒருகாலத்தில் தெரியாமல் வாங்கியவர்கள்தானே. அவருக்கு அடுத்து என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

பற்றாசு | புதன், இரவு 8:20

சரி. கவனமாகப் படியுங்கள்.

பின்பலகையைக் கழற்றி நான்கு ஈஎல்34ஐயும் எடுத்துவிடுங்கள். சரியான 1 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டு ஆன் செய்யுங்கள், ஒரு நிமிடம் கழித்து ஸ்டாண்ட்பை சுவிட்சையும் போடுங்கள். பவர் வால்வு இல்லாதபோது ஸ்பீக்கர் இல்லாமல் போட்டாலும் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்தில்லை. ஃபியூஸ் போனால் கண்டென்சர், டையோடு, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கோளாறு, மதுரை ஐயா சொன்னதே சரி. ஃபியூஸ் போகாமல் நின்றால் கோளாறு வால்விலோ பயாஸிலோ (வால்வை அடக்கி வைக்கும் மைனஸ் வோல்டேஜ்) இருக்கிறது.

நின்றால் மறுபடி ஸ்டாண்ட்பைக்குத் திருப்பி, ஒவ்வொரு சாக்கெட்டின் ஐந்தாம் துளையிலும் சேஸிஸுக்கு (உலோகச் சட்டத்துக்கு) எதிராக டிசி வோல்டேஜ் பாருங்கள். அதுதான் கிரிட், பயாஸ் வரும் இடம். மைனஸ் 40 பக்கம் நான்கிலும் ஒரே மாதிரி வர வேண்டும். ஒன்றில் வராவிட்டால் அந்தக் குழியில் நின்ற வால்வுக்குக் கடிவாளமே இல்லை, தகடு சிவந்து எரிந்திருக்கும். மேலிருந்து பார்க்கும்போது துளைகளை இடஞ்சுழியாக எண்ண வேண்டும். கீழிருந்து எண்ணும் படத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

பக்கத்திலுள்ள நான்காம் துளையில் ஏறக்குறைய 500 வோல்ட் வரலாம். ஸ்டாண்ட்பையில் இருந்தாலும் வரும் என்றே நினைத்து வேலை செய்யுங்கள். ஒரு கை பையில் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் மின்சாரம் நிற்கும், அது ஆளைக் கொல்லும். முன்பு இப்படி அளந்த பழக்கம் இல்லையென்றால் துளைகளில் வோல்டேஜ் அளக்கும் வேலையை விட்டுவிடுங்கள். அதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

மண்டபத்து மைக் | புதன், இரவு 9:05

கேட்காததைச் சொல்கிறேன். நான் நிகழ்ச்சிகளுக்கு ஒலி அமைப்பவன். மண்டபத்துக்கு 100 வாட் வால்வு ஹெட் எதற்கு? மாஸ்டர் வால்யூம் இல்லாத ஆம்ப் அது. உடைந்த ஒலி (டிஸ்டார்ஷன்) வேண்டுமென்றால் முழுக்கத் திருகியே ஆக வேண்டும். முன்வரிசையில் பெரியவர்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருப்பார்கள். 50 வாட் போதும், பாதிச் சத்தம்தான் வரும்.

டொராண்டோ தந்தி | புதன், இரவு 9:17

பாதிச் சத்தம் வராது. வாட் பாதியானால் 3 டெசிபல்தான் குறையும், காதுக்குச் சின்ன வித்தியாசம். காதுக்குப் பாதியாகக் கேட்க 10 டெசிபல் குறைய வேண்டும், அதாவது 10 வாட் ஆம்ப்.

மண்டபத்து மைக் | புதன், இரவு 9:25

கணக்கு சரியாக இருக்கலாம். இருபது வருடமாக மேடைக்கு முன்னால் நிற்கிறேன், 100 வாட் வரும் நாளில் பாடகர் குரலை மேலே கொண்டுவர முடிவதில்லை. அந்த 3 டெசிபல் எனக்குப் பெரிது.

நாலு பன்னிரண்டு | புதன், இரவு 9:31

இரண்டு வால்வைக் கழற்றிவிட்டால் 50 வாட் ஆகிவிடுமே?

பற்றாசு | புதன், இரவு 9:40

ஆகும். வெளி இரண்டு அல்லது உள் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக எடுக்க வேண்டும். செலக்டரையும் பாதியாக்க வேண்டும்: 16 ஓம் பெட்டிக்கு 8இல். ஆனால் மைக் சொல்லும் குறை இதனால் தீராது. பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள், அல்லது ஸ்பீக்கருக்குப் போகும் சக்தியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போடுங்கள்.

மண்டபத்து மைக் | புதன், இரவு 9:52

திருப்பி வைக்கச் சொன்னால் எந்தக் கிட்டார்காரர் கேட்கிறார்? தன் காலுக்குப் பின்னால் ஸ்பீக்கர், தன் காதுக்கு எட்டவில்லை என்று இன்னும் திருகுவார். முன்வரிசைக்குக் காது வலிக்கும்.

டொராண்டோ தந்தி | புதன், இரவு 10:01

அதற்கு ஸ்பீக்கர் பெட்டியைச் சாய்த்து மேல்நோக்கி வைத்தால் போதும். 100 வாட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. மெல்ல வாசித்தாலும் அதில் அடிநாதம் கலங்காமல் நிற்கும், 50 வாட்டில் அது சீக்கிரம் குழைந்துவிடும். அதற்காகத்தான் காசு சேர்த்து வாங்குகிறார்கள்.

வால்வு ரேடியோ மதுரை | வியாழன், காலை 6:10

பிள்ளைகளே, சத்தம் கூடுதலா குறைவா என்பதை அப்புறம் பேசலாம். அந்தத் தம்பியின் ஆம்ப் இன்னும் எழுந்து உட்காரவில்லை. தம்பி, என்ன ஆயிற்று?

ஹாரோ கிட்டார் | வியாழன், இரவு 10:35

பவர் வால்வு நான்கையும் எடுத்துவிட்டுப் போட்டோம், ஃபியூஸ் போகவில்லை. என் மச்சான் மின்சார வேலை செய்பவர், அவர்தான் அளந்தார், நான் தொடவில்லை. மூன்று குழியில் மைனஸ் 42. மீதியான மூன்றாவது குழியில் மட்டும் மீட்டர் கம்பியை அழுத்தினால் மைனஸ் 42, விட்டால் பூச்சியம். அந்தக் குழி வால்வின் கண்ணாடியில் பழுப்புக் கறை இருக்கிறது.

பற்றாசு | வியாழன், இரவு 10:48

கண்டுபிடித்துவிட்டீர்கள். சாக்கெட்டில் வால்வின் ஐந்தாம் முள்ளைப் பிடிக்கும் பிடி தளர்ந்துவிட்டது. சூடேறியதும் தொடர்பு விட்டிருக்கும், பயாஸ் போய் வால்வு உள்ளே ஷார்ட் ஆகியிருக்கும். ஓம் தவறாக இருந்தது அதை விரைவுபடுத்தியிருக்கலாம். புது வால்வு வாங்கிச் செருகிவிடாதீர்கள், அதே குழி அதையும் தின்னும். வால்வு ஆம்ப் திருத்துபவரிடம் கொண்டுபோய் அந்தச் சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள், கண்டென்சர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். புது வால்வு போட்டதும் பயாஸ் வைக்க வேண்டும்: ஈஎல்34 தகடு தாங்குவது 25 வாட், அதில் 70 சதவீதம் 17.5. தகட்டில் 470 வோல்ட் இருந்தால் ஒரு வால்வுக்கு 37 மில்லி ஆம்பியர். அதற்கு மேல் போக வேண்டாம்.

நன்றாக அளந்திருக்கிறார் உங்கள் மச்சான்.

வால்வு ரேடியோ மதுரை | வெள்ளி, காலை 5:55

கண்டென்சர் என்று நான் சொன்னது பிசகு. சாக்கெட்தான். சனிக்கிழமைக்கு வேறு ஆம்ப் கிடைக்குமா தம்பி?

நாலு பன்னிரண்டு | ஞாயிறு, காலை 11:20

நிகழ்ச்சி எப்படிப் போனது?

ஹாரோ கிட்டார் | 19 நாள் கழித்து, இரவு 9:14

மன்னிக்கவும், வேலை. சனிக்கிழமை இரவல் ஆம்பில் வாசித்தேன். ஹெட் நேற்று வந்தது: சாக்கெட் நான்கும் மாற்றியாயிற்று, ஃபில்டர் கண்டென்சர் இரண்டு ஊதியிருந்ததால் மாற்றினார், புது ஈஎல்34 நான்கு, பயாஸ் ஒரு வால்வுக்கு 36 மில்லி ஆம்பியர். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒரிஜினல், தப்பிவிட்டது. செலக்டர் 16இல், ஸ்பீக்கர் கேபிள் வாங்கிவிட்டேன். ஒரு மணிநேரம் வாசித்தேன், நிற்கவில்லை. எல்லாருக்கும் நன்றி அண்ணாமார், மதுரை ஐயாவுக்கும்.

டொராண்டோ தந்தி | இரவு 9:30

மிகுந்த சந்தோஷம் தம்பி. அந்த 3 ஆம்பியர் ஃபியூஸை வீட்டிலிருந்து எடுத்து எறியுங்கள். அப்புறம் நண்பர் பெட்டியில் என்ன ஸ்பீக்கர் என்று பாருங்கள். 25 வாட் செலெஸ்டியன் நான்கு என்றால் மொத்தம் 100தான் தாங்கும். இந்த ஹெட்டை முழுக்கத் திருகினால் 100ஐத் தாண்டும்.