நிட்டினால் கம்பி டிஎஸ்சி: சின்னதா ஒரே பீக். இது மார்ட்டென்சைட்தானா?

கம்பிச்சுருள்:
வணக்கம். 0.5 மி.மீ. நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலவை) கம்பி, வளைச்சு விட்டா தானே நிமிர்ற சூப்பர்எலாஸ்டிக் ரகம். துண்டுகளா நறுக்கி 30 மி.கி. அளவு அலுமினியக் கிண்ணத்தில் வெச்சு, டிஎஸ்சியில் (சூடாக்கி, குளிரவெச்சு, உள்ளே வெளியே போற வெப்பத்தை அளக்கிற கருவி) நிமிஷத்துக்கு 10 டிகிரி வேகத்தில் ஓட்டினேன். எங்க கருவி −40 வரைக்கும்தான் இறங்கும். குளிரும்போது 11 டிகிரியில் ஒரு பீக், சூடாகும்போது 15-ல் ஒண்ணு. பரப்பு கிராமுக்கு 4 ஜூல்கூட வரலை. பேஸ்லைனும் (பீக் இல்லாத இடத்துக் கோடு) ஆடுது. இதையே மார்ட்டென்சைட்னு (குளிரும்போது கலவை மாறுற படிக அமைப்பு) எழுதி நெறியாளர்கிட்ட கொடுத்துட்டேன். இப்போ பயமா இருக்கு, யாராவது சொல்லுங்க.

உலைக்களம்:
இடைவெளி வெறும் 4 டிகிரி, பாருங்க. மார்ட்டென்சைட்னா இருபது முப்பது டிகிரி இடைவெளி இருக்கும், பரப்பும் பல மடங்கு வரும். நீங்க பிடிச்சது ஆர்-ஃபேஸ், மார்ட்டென்சைட்டுக்கு முன்னாடி வர்ற இடைநிலை அமைப்பு. இழுத்துச் சூடு காட்டின கம்பியில் உள் அழுத்தமும் நிக்கல் மிகுந்த நுண்ணிய படிவுகளும் மார்ட்டென்சைட்டை ரொம்பக் கீழே தள்ளிடும். ஆர்-ஃபேஸை அந்த அளவுக்கு அசைக்காது. உங்க மார்ட்டென்சைட் −40-க்கும் கீழே கிடக்கு. திரவ நைட்ரஜன் இருக்கிற கருவியில் −120 வரை போங்க. கேக்க மறந்துட்டேன், எதால் நறுக்கினீங்க?

கம்பிச்சுருள்:
கட்டிங் பிளையர்தான் அண்ணா.

உலைக்களம்:
பிளையர் வெட்டின நுனியை லென்ஸில் பாருங்க: உளி மாதிரி நசுங்கி, ஓரத்தில் பிசிறு நிக்கும். நசுங்கின இடத்தில் உருமாற்றம் சரியா நடக்காது, பீக் அகலமாயிடும். பிசிறு இருந்தா துண்டு கிண்ணத்தில் படியவும் படியாது, பேஸ்லைன் ஆடும். வேகம் குறைச்ச வைர ரம்பத்தில், தண்ணி விட்டு அறுங்க. ஏஎஸ்டிஎம் எஃப்2004-ஐ (இந்தச் சோதனைக்கான தரமுறை) அப்படியே பின்பற்றி 800 டிகிரிக்கு மேலே அனீல் பண்ணிடாதீங்க, அதாவது சூடாக்கிப் பதப்படுத்திடாதீங்க. அது கலவையைச் சோதிக்கிற முறை. உங்க கம்பியோட குணமே அதில் அழிஞ்சிடும்.

மின்தடையன்:
நாலு முனை வெச்சு மின்தடையும் அளந்து பாருங்க. குளிரும்போது ஆர்-ஃபேஸ் வந்தா தடை ஏறும், மார்ட்டென்சைட் வந்தா இறங்கும். சால்டர் ஒட்டாது, ஸ்பாட் வெல்டுதான்.

கம்பிச்சுருள் (பத்து நாள் கழிச்சு):
வேறொரு ஆய்வகத்தில் −120 வரை ஓட்டிட்டேன். 11-ல் அதே சின்ன பீக். −60 பக்கத்தில் அகலமா இன்னொண்ணு! திரும்பச் சூடாக்கினப்போ ரெண்டு மேடு ஒட்டி வந்துச்சு, ஏஎஃப் (சூடாகும்போது உருமாற்றம் முடியிற வெப்பநிலை) 16-லேர்ந்து 19-க்குப் போயிருக்கு. பேஸ்லைன் நேராயிடுச்சு. நெறியாளர்கிட்ட விஷயத்தைச் சொல்லி அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிட்டேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா.