அப்பா கையிலிருந்து ஸ்மார்ட்போனை வாங்கி வைத்தது சரியா?

கொலுசுக்கடை மகன் | ஞாயிறு, இரவு 9:12

எங்கள் வீடு சேலம் செவ்வாய்ப்பேட்டை. அப்பாவுக்கு 64 வயது. முப்பது வருடம் கொலுசுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து வேலை பார்த்தவர். இப்போது ஆர்டர் பிடித்து, ஆட்களிடம் கொடுத்துச் செய்து அனுப்புகிறார். டிசைன் படம் வருவது, எடை பேசுவது எல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இரவு பதினொன்றரை மணி இருக்கும். வியாபாரிகள் குரூப்பில், தெரிந்தவர் நம்பரிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்தது. அப்பா படுத்தபடியே திறந்திருக்கிறார். அது பத்திரிகை இல்லை, ஏபிகே, அதாவது போனில் ஆப் ஏற்றும் ஃபைல். போன் ஏதேதோ கேட்டது, ஓகே ஓகே என்று தட்டிவிட்டார். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியும் அதோடு போய்விட்டது. விடிவதற்குள் அவருடைய வாட்ஸ்ஆப் வேறு யாரோ ஒருவன் போனில் திறந்து, அதே பத்திரிகை அப்பா பெயரில் நூற்றெண்பது பேருக்குப் போயிருந்தது.

காலை ஆறு மணிக்கு எனக்குத் தெரிந்தது. சிம்மைக் கழற்றினேன். என் போனிலிருந்து வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கும் சொன்னேன். அப்பா பணம் தப்பியது. ஆனால் அவர் அனுப்பியதாக நினைத்துத் திறந்த இன்னொரு வியாபாரிக்கு 42,000 ரூபாய் போனது. வாட்ஸ்ஆப்பைத் திரும்ப எடுக்கப் பார்த்தால், புகுந்தவன் ஆறு இலக்கப் பின் ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். எஸ்எம்எஸ் குறியீட்டைப் போட்டதும் அவன் வெளியே போய்விட்டான், ஆனால் அந்தப் பின் தெரியாததால் நாங்களும் ஏழு நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு நாளும் அப்பா கடைவீதிப் பக்கமே போகவில்லை.

போனை முழுவதும் அழித்து பீரோவில் வைத்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரு பட்டன் போன். ஜிபே கிடையாது. தங்கை என்னோடு பேசுவதில்லை. நான் செய்தது தப்பா?

அழகாபுரம் ஆள் | 9:40

தப்பே இல்லை தம்பி. முந்தியே செய்திருக்க வேண்டும். உங்கள் பணம் போகவில்லை, இன்னொருவர் பணம் போயிருக்கிறது. அதை யோசித்துப் பாருங்கள். வண்டி ஓட்டத் தெரியாதவர் கையில் சாவி கொடுத்தால் அவர் மட்டுமா விழுவார்?

தட்டுவடை செட் | 9:48

கல்யாணப் பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து கொடுத்திருந்தால் இந்த வம்பே இல்லை என்று எங்கள் பாட்டி சொல்லச் சொன்னார்.

ஒண்டிக்கடை அக்கா | 10:05

நான் ஏற்காட்டில் இருக்கிறேன். என் அம்மாவுக்கு 70. எஸ்டேட் பக்கம் தனியாக இருக்கிறார். இங்கே ஒரு மருந்து வேண்டுமென்றால் கடைக்காரருக்குப் படம் அனுப்பி, ஜிபேயில் பணம் போட்டு, கீழே போய் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்கிறோம். போனைப் பிடுங்கினால் சின்ன வேலைக்கெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் முடியாது. போனை வாங்கி வைப்பது சேலத்தில் இருப்பவர்களுக்குச் சுலபம்.

இன்னொன்று. உங்கள் அப்பா சின்னப் பிள்ளையா? முப்பது வருடம் வெள்ளியை நம்பிக் கொடுத்து வாங்கிய மனுஷன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

அழகாபுரம் ஆள் | 10:19

அக்கா, மரியாதை வேறு, பாதுகாப்பு வேறு. இன்றைக்குப் பத்திரிகை. நாளைக்கு சீருடை போட்டவன் வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்பான். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒன்றே இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். அப்புறமும் படித்தவர்களே ஏமாறுகிறார்கள். 64 வயதுக்காரருக்கு எத்தனை பாடம் எடுப்பீர்கள்?

ஒண்டிக்கடை அக்கா | 10:24

அந்தக் கால் பட்டன் போனுக்கும் வரும். படம் தெரியாது, அவ்வளவுதான். மிரட்டலுக்குக் குரல் போதும்.

ஓய்வுபெற்ற கேஷியர் | 10:51

முப்பத்தாறு வருடம் வங்கி கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

தம்பி செய்ததில் உருப்படியானது, சிம்மைக் கழற்றிவிட்டு உடனே வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொன்னது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை இந்த நேரக் கணக்கைத்தான் பேசுகிறது. வங்கியின் தப்பும் இல்லை, வாடிக்கையாளர் தப்பும் இல்லை, வேறெங்கோ ஓட்டை என்றால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் கிடையாது. வாடிக்கையாளரே பின்னையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும் நிமிடம் வரை போனது அவர் தலையில். சொன்ன பிறகு போனது வங்கியின் தலையில். அதனால், வெட்கப்பட்டுக்கொண்டு மறைப்பதுதான் பெரிய செலவு. வீட்டில் திட்டு விழும் என்று பயந்து இரண்டு நாள் கழித்துச் சொன்ன பெரியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

அழகாபுரத்தார் கோபித்துக்கொள்ள வேண்டாம். போனைப் பிடுங்குகிற வீட்டில்தான் அடுத்த தடவை மறைப்பார்கள்.

அழகாபுரம் ஆள் | 11:10

கோபமெல்லாம் இல்லை சார். ஆனால் பட்டன் போனில் ஒரு லாபம் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. வங்கியில் கொடுத்த நம்பரின் சிம் பட்டன் போனில் இருந்தால், இந்த மாதிரி ஏபிகே எதுவும் அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்க முடியாது. வாட்ஸ்ஆப்புக்கு வேறு சிம், வேறு போன். என் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

கொலுசுக்கடை மகன் | 11:16

அண்ணா, இருபது வருடமாக அப்பாவுக்கு ஒரே நம்பர். வியாபாரம், வங்கி, சொந்தக்காரர்கள் எல்லாம் அதில்தான். வியாபாரத்துக்கு நம்பர் மாற்றினால் பாதிப் பேர் தொலைந்து போவார்கள்.

அழகாபுரம் ஆள் | 11:20

வியாபார நம்பரை விட்டுவிடுங்கள். வங்கியில் போய் நம்பரை மாற்றுங்கள். ஒரு நாள் வேலை.

தங்கச்சி கட்சி | திங்கள், காலை 7:02

நேற்று முழுக்கப் படித்தேன். யுபிஐ சர்க்கிள் என்று 2024-இல் ஒன்று வந்ததே? மகன் கணக்கிலிருந்து அப்பா செலவு செய்யலாம். மாதம் 15,000 வரை வரம்பு போட்டுக் கொடுக்கலாம். இல்லையென்றால் அப்பா ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் மகன் போனில் கேட்டு, மகன் சரி என்ற பிறகுதான் போகும்.

ஒண்டிக்கடை அக்கா | 7:30

டீக்குப் பத்து ரூபாய் கொடுக்க மகனிடம் அனுமதி கேட்க வேண்டுமா? சம்பாதித்தவர் யார்? எங்கள் அம்மாவிடம் இதைச் சொன்னால் சுருக்குப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்.

தங்கச்சி கட்சி | 7:34

அதற்குத்தான் மாத வரம்பு அக்கா. அதில் ஒவ்வொரு தடவையும் கேட்கத் தேவையில்லை.

ஒண்டிக்கடை அக்கா | 7:36

மகன் தரும் பாக்கெட் மணி. பெயர் வேறு, அவ்வளவுதான்.

குகை கண்ணாடிக்காரன் | 8:15

எல்லாரும் சிம்மையும் பணத்தையும் பேசுகிறீர்கள். நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரே கேள்வி. இரவு பதினொன்றரைக்குப் படுத்துக்கொண்டு போன் பார்த்தாரே, அப்போது கண்ணாடி போட்டிருந்தாரா?

கொலுசுக்கடை மகன் | 8:22

இல்லை. கண்ணாடி பட்டறை மேசையில் இருந்திருக்கும். ராத்திரியில் போடுவதில்லை.

குகை கண்ணாடிக்காரன் | 8:40

அப்படியென்றால் கேளுங்கள். நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும். கண் லென்ஸ் கெட்டியாகி, பக்கத்தில் இருப்பதற்கு வளைந்து கொடுக்காது. 64 வயதில், கண்ணாடி இல்லாமல், ஒரு முழத்துக்குள் பிடித்த போனில் அந்தப் பொடி எழுத்து தெரியவே தெரியாது. படுத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் மோசம், கை அசந்து போன் மூக்குக்கே வந்துவிடும். திரையை முறைத்துப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதும் குறைந்து, கண் வறண்டு எழுத்து கலங்கும்.

நீங்கள் ஓகே ஓகே என்று தட்டினார் என்கிறீர்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த ஏபிகேயை ஆண்ட்ராய்டு சும்மா ஏற்றிவிடாது. பாதுகாப்புக்காக இதை அனுமதிக்கவில்லை என்று ஒரு பெட்டி வரும், அமைப்புகளுக்குள் போய் அனுமதி என்று ஒரு பொத்தானைத் தள்ள வேண்டும். அப்புறம் எஸ்எம்எஸ் பார்க்கட்டுமா என்று இன்னொரு பெட்டி. மூன்று தடவை போன் எச்சரித்திருக்கிறது. அது என்ன மொழியில் இருந்தது?

கொலுசுக்கடை மகன் | 8:47

ஆங்கிலம். நான்தான் வாங்கிக் கொடுத்தபோது அப்படியே விட்டேன்.

குகை கண்ணாடிக்காரன் | 8:58

அதுதான். தெரியாத எழுத்தில், தெரியாத மொழியில், தூங்கப் போகும் நேரத்தில் எச்சரிக்கை. நானாக இருந்தாலும் தட்டியிருப்பேன்.

எழுத்தின் அளவைக் கடைசி வரை பெரிதாக்குங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். வாட்ஸ்ஆப்புக்கு இருக்கும் ‘தெரியாத ஆப்களை நிறுவும்’ அனுமதியை அணைத்து வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது அவன் போட்ட அந்த ஆறு இலக்கப் பின்னை, முதலில் நீங்களே போட்டிருந்தால் அவனுக்கு எஸ்எம்எஸ் கிடைத்தும் உள்ளே வந்திருக்க முடியாது. கட்டில் பக்கத்தில் ஒரு ரீடிங் கிளாஸ் வையுங்கள், பட்டறைக்கு ஒன்று தனி. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வேண்டாம். விற்பவனே சொல்கிறேன். கண் அசதிக்கு அதனால் பயன் தெரியவில்லை என்று 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2023-இல் வந்துவிட்டது. அதற்குப் போடும் காசுக்கு இன்னொரு சாதாரண ஜோடியே வாங்கலாம்.

அழகாபுரம் ஆள் | 9:20

கண்ணாடி போட்டால் மோசடி நின்றுவிடுமா? கண் நன்றாகத் தெரிகிற என் மைத்துனனே, 28 வயது, பகுதி நேர வேலை என்று சொன்னவனுக்குப் பணம் போட்டான்.

குகை கண்ணாடிக்காரன் | 9:31

நிற்காது. எல்லா மோசடிக்கும் மருந்து சொல்லவில்லை அண்ணா. இவர் அப்பா ஏமாந்த இந்த ஒரு இரவைத்தான் சொல்கிறேன். அவர் ஏமாறவில்லை. படிக்கவே இல்லை. இரண்டும் வேறு.

ஓய்வுபெற்ற கேஷியர் | 9:44

தம்பி, அந்த 42,000 போன வியாபாரி என்ன ஆனார்? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

கொலுசுக்கடை மகன் | 10:30

அவர் மதியம்தான் பார்த்தார் சார். 1930-இல் சொன்னதும் 11,000 ஏதோ ஒரு கணக்கில் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள், கைக்கு இன்னும் வரவில்லை. அப்பா அவரிடம் போய், போன பணம் கழியும் வரை உங்கள் அடுத்த ஆர்டருக்கெல்லாம் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். நடந்தே போயிருக்கிறார்.

ஒண்டிக்கடை அக்கா | 10:36

பார்த்தீர்களா. இவரிடமிருந்தா போனைப் பிடுங்கினீர்கள்?

அழகாபுரம் ஆள் | 10:50

சரி, அது பெரிய மனசு. ஒத்துக்கொள்கிறேன்.

கொலுசுக்கடை மகன் | இரவு 9:55

இன்று கடை மூடிய பிறகு போனை எடுத்துக் கொடுத்தேன். தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, பின் எல்லாம் போட்டு வைத்திருந்தேன். அப்பா வாங்கவில்லை. பட்டன் போனே இருக்கட்டும்பா, அதில் யாரும் பத்திரிகை அனுப்ப மாட்டார்கள் என்றார். டிசைன் படமெல்லாம் என் போனுக்கு வரட்டும், சாயந்திரம் காட்டு என்கிறார். இதைத்தானே நான் கேட்டேன், ஆனால் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

தங்கச்சி கட்சி | 10:01

பயந்துவிட்டார். நீங்கள் வாங்கி வைத்ததால் அந்தப் பயம் இரட்டிப்பாகிவிட்டது.

ஒண்டிக்கடை அக்கா | 10:08

வற்புறுத்தாதீர்கள். போனை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். கேட்கும்போது சொல்லிக் கொடுங்கள்.

குகை கண்ணாடிக்காரன் | 10:15

முதலில் கண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். பவர் மாறியிருக்கும். படம் பார்க்கச் சாயந்திரம் வரை காத்திருப்பவருக்குக் கொலுசில் கண்ணியும் சரியாகத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அது அவருக்குப் போனைவிட முக்கியம்.

கொலுசுக்கடை மகன் | 10:22

கேட்டேன். ஒரு வருடமாகத் தெரியவில்லையாம். யாரிடமும் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு கூட்டிப் போகிறேன். ஜிபே அப்புறம்.

அழகாபுரம் ஆள் | 10:29

அப்புறம் போடும்போது தனிக் கணக்கு ஒன்று திறந்து, அதில் ஐயாயிரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அதில் நான் மாறவில்லை.