கோடாலிக்கு அடங்காத புளியங்குத்தி

ஒட்டுசுட்டான்

2020 மார்கழி 2, புரெவிப் புயல் கரை தொட்ட இரவு, எங்கட வளவின்ர பின்பக்கத்தில நிண்ட புளி வேரோட சாஞ்சுது. விடியப் பாத்தா வேலியும் ஆட்டுக்கொட்டிலும் அதுக்குக் கீழ. ஆடுகளை முதல்நாளே விறாந்தைக்குக் கொண்டு வந்ததால அதுகள் தப்பிச்சுது.

கொப்புகள் ரெண்டு மாசத்தில எரிஞ்சு முடிஞ்சுது. புளிக் கொள்ளியின்ர அருமை சமைக்கிறவைக்குத் தெரியும். தணல் நிண்டு பிடிக்கும். சோறு வடிச்ச பிறகும் அந்தத் தணலிலயே ஒரு பருப்பு வைச்சு எடுக்கலாம். அந்த ஆசையில தான் அடிமரத்தை விட மனம் வரேல்லை. செயின் சோ வைச்சிருக்கிற தம்பி ஒருத்தரைக் கூப்பிட்டு ஏழு குத்தியாத் துண்டு போட்டு வைச்சம்.

கொத்தத் தொடங்கேக்க தான் விளங்கிச்சு. மாமா சின்ன வயசில இருந்து காட்டுக் கொள்ளி கொத்தி வளந்தவர். ஓங்கி நடுவில ஒண்டு போட்டார். கோடாலி பாதி இறங்கிக் கடிபட்டு நிண்டுது. அதை எடுக்க ஆப்பு வைச்சா ஆப்பும் உள்ள போய் இறுகிட்டுது. புளியில நார் நேர ஓடாது. ஒரு படை வலப்பக்கம் சாஞ்சா அடுத்த படை இடப்பக்கம் சாஞ்சு வளரும். ஒண்டுக்குள்ள ஒண்டு பின்னி இருக்கிறதால வெடிப்பு விட்டாலும் ரெண்டு பாதியும் ஒண்டை ஒண்டு விடாது. அண்டைக்கு மாமா கோடாலியைச் சாத்தி வைச்சவர் தான்.

பிறகு 2022 வந்துது. காஸுக்கு வெறும் சிலிண்டரை வரிசையில வைச்சிட்டு நாள் முழுக்க நிண்ட காலம். எல்லாற்ற கண்ணும் எங்கட குத்தியில. ஆனா செயின் சோவுக்குப் பெற்றோல் இல்லை, அதுக்கும் வரிசை. கையால கொத்தலாமெண்டா மரம் அதுக்குள்ள ஒண்டரை வருசம் காஞ்சு கல்லாப் போட்டுது. என்ர மனுசனுக்கு 2009இல வலத்தோளில காயம், கை காதுக்கு மேல எழும்பாது. மகன் அப்ப பத்தாம் வகுப்பு. ரெண்டு குத்தியை மூண்டு நாள் மாறி மாறிக் கொத்தி, கையெல்லாம் கொப்புளம் போட்டு, ஒரு கிழமைக்குக் காணாத கொள்ளி எடுத்தம்.

மிச்சம் ஐஞ்சு குத்தி இப்பவும் கிடக்குது. எரியிறதுக்கு இதைவிட நல்ல மரம் எங்கட பக்கத்தில குறைவு. ஆனா கொத்துற கைக்கு என்ன ஆகுது எண்டதையும் கணக்கில சேக்கோணுமே. வைச்சிருக்கிறதோ, விடுறதோ? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ.

விசுவமடு

அக்கா, வைச்சிருக்கிறதோ விடுறதோ எண்டு பாக்க முதல் உள்ள என்ன இருக்கெண்டு பாருங்கோ. நாங்கள் மீளக் குடியேறி வந்த புதுசில குளக்கட்டுப் பக்கம் பட்டு நிண்ட மருது ஒண்டைத் தறிச்சம். வெளியில ஒரு தழும்பும் இல்லை. அரிய அரிய வாள் கீச்சிட்டு நிண்டுது, சங்கிலியில பாதிப் பல்லுப் போச்சு. பிளந்து பாத்தா பெருவிரல் அளவு ஷெல் பீஸ், போரில விழுந்த குண்டின்ர சிதறல். பட்டை மூடி வளந்திருந்தது.

அண்டைக்கு ஒண்டு படிச்சன். அந்த இரும்பைச் சுத்தி மரம் மை ஊத்தினது போலக் கருநீலமா இருந்தது. துவர்ப்புள்ள மரத்தில இரும்பு கிடந்தா அப்பிடித் தான் கறுக்கும். குத்தியின்ர வெட்டு முகத்தில அந்த நிறம் கண்டால் வாளையும் கோடாலியையும் வையாதேங்கோ. எங்கட பக்கத்து மரமெண்டால் மர ஆலைக்காரரும் முதல் கேக்கிறது இதைத் தான். சும்மா சிதறின துண்டு இல்லாமல் உருண்டையா, முழுசா ஏதும் தெரிஞ்சால் தொடாமல் விலகி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கோ. அந்தத் துண்டை மட்டும் அடுப்புக்குக் கொண்டு போகவே கூடாது. வெடிக்காமல் கிடக்கிறது சூட்டில வெடிக்கும்.

நெடுங்கேணி

பிள்ளை, உன்ர அப்பாவைப் போல எனக்கும் வயசு. எழுபதைத் தாண்டிட்டன். புளியை நடுவில கொத்தக் கூடாது. உன்ர மாமா பிழை விட்டது அதில தான். ஓரத்தில இருந்து மூண்டு விரல் உள்ளுக்கு வைச்சு, சுத்திச் சுத்திச் செதில் செதிலாக் கழட்டோணும். பலாப்பழத்தைச் சுத்தி வாற மாதிரி. குத்தி ஒரு அடிக்கு மேல நீளம் இருந்தால் அதுவும் ஆகாது. எல்லாத்தையும் விட முக்கியம், புளியைப் பச்சையில கொத்தோணும். விழுந்த கிழமையே கொத்தியிருந்தால் உனக்கு இந்தப் பாடு இல்லை.

இப்ப காஞ்சு போட்டுது. எண்டபடியா வெட்டு முகத்தில வெயிலுக்கு விட்ட வெடிப்பைப் பார். அது காட்டுற வழியில ஒரு ஆப்பை இறக்கிப் பார். கவர் பிரிஞ்ச குத்தி, கணு இருக்கிற குத்தியை இந்தக் கணக்கில எடாதை. அரை மணித்தியாலத்தில ஒரு குத்தி வாய் திறக்காட்டி அது கொள்ளிக்கு இல்லை.

எறியச் சொல்லேல்லை. இறைச்சிக் கடைக்காரர் தேடித் திரியிறது புளியங்குத்தியைத் தான். கத்தி ஆயிரம் தரம் இறங்கினாலும் பிளவாது, எல்லாம் உனக்குக் கோபம் வந்த அதே முறுக்கால தான். வெடிச்ச முனையை ரெண்டு அங்குலம் அரிஞ்சு எடுத்துப் போட்டு, உள்ளுக்குச் சுத்தமா இருந்தால் கட்டைக்குக் குடு.

மல்லாவி

கொத்தாமலே எரிக்கலாம் அக்கா. எங்கட வீட்டில நெல்லு அவிக்கிறது வெளியில, மூண்டு கல்லு வைச்ச அடுப்பில. பெரிய குத்தியை அடுப்பின்ர பின்பக்கம் உருட்டி வைச்சிட்டு, முன்னால பனைமட்டையும் ஊமலும் போட்டு மூட்டுவம். முதல் கிடாரம் கொதிக்கிறதுக்கு இடையில குத்தியின்ர முகம் பிடிச்சிடும். பிறகு சின்னக் கொள்ளி பாதி தான் தேவைப்படும். அடுத்த நாள் காலமையும் உள்ள தணல் இருக்கும், சாம்பலைக் கிண்டி விட்டால் தேத்தண்ணிக்குக் காணும்.

சமையலடுப்புக்கு இது சரிவராது, சூடு அடங்காது, சட்டி அடிப்பிடிக்கும். கொட்டில் கிடுகெண்டால் தள்ளி வையுங்கோ, அங்க தணலை விடாமல் இரவில தண்ணி ஊத்தி அணைச்சிட்டுப் படுங்கோ. இன்னொண்டு, குத்தி மண்ணில முட்டிக்கொண்டு கிடந்தால் கறையான் தின்னும். கல்லு வைச்சு உயத்தி விடுங்கோ. எங்கட ஒண்டு அப்பிடித் தான் கோறையாப் போச்சு.

ஒட்டுசுட்டான்

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லுறன்.

முதலில ஐஞ்சின்ர முகத்தையும் கழுவித் துடைச்சுப் பாத்தம். ஒண்டில மட்டும் ஓரத்தில கருநீலக் கறை. அதைத் தனியாத் தள்ளி வைச்சிட்டம், இவர் கிட்டவும் போக விடேல்லை. நாளைக்குப் பொலிசுக்குச் சொல்லப் போறார்.

ரெண்டு நல்ல வட்டக் குத்தி முள்ளியவளையில ஒரு இறைச்சிக் கடைக்குப் போச்சு. வெடிச்ச முனையை அந்தத் தம்பி தான் செயின் சோவால அரிஞ்சு தந்தவர். கடைக்காரர் காசும் தந்து, ரெண்டு கிலோ ஆட்டிறைச்சியும் சுத்தித் தந்தார். கவர்க்குத்தி கல்லில ஏறி, நெல்லு அவிக்கிற நாளுக்குக் காத்திருக்குது. ஐயா சொன்ன மாதிரி ஓரத்தில இருந்து செதிலெடுத்துப் பாக்க மகன் வெளிக்கிட்டான். முதல் நாலு செதில் அழகா வந்துது, ஐஞ்சாவதில நிண்டிட்டுது. விடெண்டு சொன்னன். முந்தியெண்டால் சொல்லியிருக்க மாட்டன்.

அந்தச் செதில் கழண்ட குத்தி வேலியடியில இருக்குது. மாமா பின்னேரத்தில அதில இருந்து தான் ஆடுகளைப் பாக்கிறார். அதை ஒருத்தரும் கேக்கக் கூடாதாம்.