வீட்டிலிருந்தே பி.எட்.: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

பிரகாஷ் மாமா, 7:42
(முன்னனுப்பப்பட்டது) வீட்டிலிருந்தபடியே பி.எட்.! கல்லூரிக்குப் போக வேண்டாம், டீச்சிங் பிராக்டிஸ் வேண்டாம், ஒரே வருடத்தில் சான்றிதழ்! இடங்கள் குறைவு, இன்றே அழைக்கவும்!

பிரகாஷ் மாமா, 7:43
திவ்யா, உனக்காகத்தான் போட்டேன். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் சும்மாதானே இருக்கிறாய். வெளிமாநிலக் காலேஜாம், பரீட்சைக்கு மட்டும் போய் வந்தால் போதுமாம்.

செல்வி அத்தை, 7:50
நல்லதுதானே. குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் அல்லாட வேண்டாம்.

திவ்யா, 7:51
அமுதா சித்தி டீச்சர்தானே, அவரைக் கேட்டுச் சொல்கிறேன் மாமா.

செல்வி அத்தை, 7:52
அவளுக்கு அந்த மலைமேலே பள்ளிக்கூடத்தில் டவர் கிடைத்து, அவள் பார்த்து, பதில் போட்டு... விடிந்துவிடும்.

அமுதா சித்தி, 8:31
வந்துவிட்டேன் அண்ணி, தண்ணீர் டேங்க் பக்கம் நிற்கிறேன், இங்கேதான் இரண்டு கோடு வருகிறது. மாமா, இது சரியில்லை. கரஸில், அதாவது அஞ்சல்வழியில், பி.எட். எல்லாருக்கும் கிடையாது. தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிற, பயிற்சி முடித்த ஆசிரியர்கள், இல்லையென்றால் நேரில் போய் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள், இந்த இரண்டு வகைக்குத்தான். 2014-ல் ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் போட்ட விதி. இந்திரா காந்தி பெயரில் இருக்கிற இக்னோவானாலும் நம்முடைய திறந்தநிலைப் பல்கலைக்கழகமானாலும் அதேதான், படிப்பும் 2 வருடம். ஒரே வருடம் என்று போட்டிருக்கிறானே, அங்கேயே சந்தேகம் வர வேண்டாமா?

பிரகாஷ் மாமா, 8:34
நீ மட்டும் கொரோனாவில் போனை வைத்துக்கொண்டே டிரெயினிங் முடித்தாயே? உனக்கு ஒரு நியாயம் அவளுக்கு ஒரு நியாயமா?

அமுதா சித்தி, 8:41
நல்ல கேள்விதான் மாமா. நிஷ்தாவைச் சொல்கிறீர்கள், வேலையில் இருக்கிற ஆசிரியர்களுக்கு அரசு ஆன்லைனில் நடத்திய பயிற்சி. 2020 அக்டோபரில் திக்‌ஷா ஆப்பில் ஆரம்பித்தார்கள், 18 கட்டகம், அதாவது பாடத் தொகுதி. உண்மையைச் சொன்னால் முதல் இரண்டு கட்டகத்தை வீடியோ ஓட விட்டுவிட்டுப் புளி கரைத்துக்கொண்டுதான் முடித்தேன், வினாடி வினாவுக்கு விடை ஏதாவது ஒரு குழுவில் வந்துவிடும். சான்றிதழும் வந்தது. அதனால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

ஆனால் பள்ளி திறந்த பிறகு நடந்ததைக் கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் 52-லிருந்து 38 போனால் எவ்வளவு என்று கேட்டேன், பாதிப் பிள்ளைகள் 26 என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்று திட்டிவிட்டு வந்தேன். ராத்திரி யோசித்தால், 2-லிருந்து 8 போகாது என்று தெரிந்ததும் 8-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறார்கள், எல்லாரும் ஒரே மாதிரி! தப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்துப் பத்தாகக் கட்டி வைத்துச் சொல்லித்தருவதைப் பற்றி ஒரு வீடியோவில் பார்த்த ஞாபகம். அடுத்த முறை ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது அதைத் தேடி இறக்கிக்கொண்டு மேலே போய் மூன்று தடவை பார்த்தேன். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி, பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். ஒரு பையன் உதிரிக் குச்சி இரண்டையும் பார்த்தான், என்னையும் பார்த்தான், 'ஒரு கட்டைப் பிரிச்சிக்கலாமா டீச்சர்' என்றான். கடன் வாங்குவது என்று நான் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான்.

அதே வீடியோவைத் திவ்யா வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் 26 எங்கிருந்து வரும்? எனக்குக் காலையில் எதிரே பிள்ளைகள் இருக்கிறார்கள். தூரத்திலிருந்து வருகிற பாடம் அந்த மாதிரி ஆளுக்குத்தான் ஒட்டும்.

பெரியப்பா, 8:55
அமுதா சொல்வது சரி. இந்த ஏற்பாடு புதிதும் இல்லை. 2004 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் விட்டார்கள், கல்விக்கென்றே நம் நாடு விட்ட முதல் செயற்கைக்கோள். அப்போது நான் தலைமை ஆசிரியர். டிஷ் வைத்த ஒரு மையத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள், போனோம், திரையில் ஒருவர் பேசினார், நாங்கள் சந்தேகம் கேட்கிற நேரம் வந்ததும் கரண்ட் போனது. போண்டா மட்டும் நன்றாக இருந்தது. உருப்படியாக ஏதாவது கற்றோம் என்றால் மாதம் ஒருமுறை குறுவள மையத்தில் நாலு பள்ளி வாத்தியார்கள் உட்கார்ந்து என் வகுப்பில் இப்படி, உன் வகுப்பில் எப்படி என்று பேசினோமே, அதில்தான்.

அமுதா சித்தி, 8:58
அது இப்போதும் வேண்டும் பெரியப்பா. கற்ற அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதை ஆசிரியர் பயிற்றுநர் நேரில் வந்து காட்டிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

செல்வி அத்தை, 9:02
பேரணாம்பட்டில் நம் லதா பிரைவேட் ஸ்கூலில் இருந்துகொண்டே 18 மாதத்தில் டிப்ளமோ முடித்தாளே, அது?

அமுதா சித்தி, 9:07
அது வேறு அண்ணி. பயிற்சி இல்லாமலே வேலையில் இருந்தவர்களுக்காக என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நடத்தியது. 2019 மார்ச் 31-க்குள் தகுதி பெற வேண்டும் என்று 2017-ல் கல்வி உரிமைச் சட்டத்தையே திருத்தினார்கள். அப்புறம் அதுவும் கோர்ட்டுக்குப் போனது. 2 வருட டிப்ளமோவுக்கு இது சமமில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, லதா ஒரு வருடம் அழுதாள். 2017 ஆகஸ்ட் 10 அன்று வேலையில் இருந்து, கெடுவுக்குள் முடித்தவர்களுக்குச் செல்லும் என்று அடுத்த வருடம்தான் தெளிவானது. பார்த்தீர்களா, கோர்ட்டும் வகுப்பில் நின்றாயா என்றுதான் கேட்கிறது. வேலையில் இருக்கிறவர்களும் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுத வேண்டும் என்ற 2025 செப்டம்பர் தீர்ப்புக்குப் பிறகு நானே இந்த வயதில் அதற்குப் படிக்கிறேன், இதில் அவள் தலையில் செல்லாத பேப்பரைக் கட்டாதீர்கள்.

திவ்யா, 9:09
அப்போ நான் ரெகுலர்தான் போகணுமா சித்தி?

அமுதா சித்தி, 9:10
ஆமாம்டி. வேலூரிலேயே அரசு கல்வியியல் கல்லூரி இருக்கிறது, கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடு. பஸ்ஸில் அல்லாடினால் ஒன்றும் ஆகாது.

பிரகாஷ் மாமா, 9:14
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை, 9:14
நான் படித்துவிட்டேன். எவ்வளவு?

பிரகாஷ் மாமா, 9:16
ஐயாயிரம். அட்வான்ஸ்தான்.

பெரியப்பா, 9:17
ரசீது?

பிரகாஷ் மாமா, 9:19
கட்டைவிரல் எமோஜி போட்டான்.

அமுதா சித்தி, 9:22
ஜிபேயில் அனுப்பினீர்களா? அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள், காலையில் போன் போட்டுத் திருப்பிக் கேளுங்கள், தரவில்லை என்றால் சனிக்கிழமை நான் இறங்கி வருகிறேன், சேர்ந்து போகலாம். டவர் போகப் போகிறது. அண்ணி, ஈர்க்குச்சி தீர்ந்துவிட்டது.

செல்வி அத்தை, 9:25
மொட்டைமாடியில் நாலு தென்னை ஓலை காய்கிறது. பிரகாஷ் சும்மாதான் இருக்கிறான், கிழித்து வைக்கச் சொல்கிறேன்.