முகம் இல்லாமல் வரையும் மாணவி: முகலாய ஓவியத்தைப் பற்றி என்ன சொல்வது?

கரிக்கோல்:
நான் ஓவிய ஆசிரியர். ஏழாம் வகுப்பில் ஒரு முஸ்லிம் மாணவி, கை அவ்வளவு சுத்தம். சந்தை வரையச் சொன்னால் தராசு, கூடை, புடவை மடிப்பு எல்லாம் அச்சாக வந்துவிடும், ஆனால் ஆட்களின் முகத்தில் மட்டும் கண், மூக்கு, வாய் எதுவும் இருக்காது, வெறும் முட்டை வடிவம்தான். தெரியாமல் விட்டுவிட்டாள் என்று நினைத்து நானே பென்சிலை எடுத்துக் கண் போடப் போனேன், கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள். உயிருள்ளதை வரையக் கூடாது என்று ஓதுகிற இடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். சரி, அது அவள் விருப்பம், விட்டுவிட்டேன். போன வாரம் அவளே சமூக அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவந்து அக்பர் தர்பார் படத்தைக் காட்டி, "சார், இவங்களும் முஸ்லிம்தானே, இவங்க எப்படி ஆளை வரைஞ்சாங்க?" என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மதச் சண்டை வேண்டாம்.

தெற்குத்தெரு வாசி:
சார், முதலில் அந்த முட்டை முகத்துக்கு வருகிறேன், அது சும்மா வந்ததில்லை. குர்ஆனில் சிலை வணக்கத்துக்குத்தான் கடும் கண்டனம், ஓவியம் வரையாதே என்று நேரடியான வசனம் கிடையாது. தடை ஹதீஸ்களில், அதாவது நபிகள் நாயகத்தின் சொல்லையும் செயலையும் பற்றிய பதிவுகளில் வருகிறது. உருவம் செய்தவர்களை மறுமையில் "நீ படைத்ததற்கு உயிர் கொடு" என்பார்கள் என்று ஒன்று. மரம், உயிரில்லாத பொருள் என்றால் வரையலாம் என்று ஒன்று. உருவத்தின் தலையை நீக்கிவிட்டால் அது மரத்தைப் போல ஆகிவிடும் என்று இன்னொன்று. உங்கள் மாணவி பிடித்திருப்பது இந்தக் கடைசி ஹதீஸை. அதே ஹதீஸ்களில்தான் படம் போட்ட திரைச்சீலையைக் கிழித்துத் தலையணை தைத்துக்கொண்டதும், நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி சிறுவயதில் இறக்கை வைத்த குதிரைப் பொம்மை வைத்து விளையாடியதும் வருகின்றன. அதனால் எதுவரை தடை என்பதில் இமாம்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. நம் கடற்கரை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவுகளில் ஒன்று), அதில் கொஞ்சம் கண்டிப்பு அதிகம்.

ஒத்தையடிப்பாதை:
சுற்றி வளைப்பானேன். ராஜாக்கள் மதுவும் குடித்தார்கள், அதுவும் தடைதான். செய்தார்கள் என்பதற்காக அது மார்க்கம் ஆகிவிடாது. பிள்ளையிடம் நேராக இதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அணில்வால் தூரிகை:
ஒத்தையடிப்பாதை அண்ணா, குடித்தவர் யாரும் குடிப்பதுதான் இறைவனை அறியும் வழி என்று வாதாடவில்லையே. அக்பர் வாதாடினார். அவர் அவையில் இருந்த அபுல் ஃபசல், அக்பர் ஆட்சியைப் பற்றிய அயினி அக்பரி என்ற நூலில் எழுதிவைத்திருக்கிறார்: ஓவியத்தை வெறுப்பவர்களை அக்பருக்குப் பிடிக்காதாம். ஓவியன் ஒவ்வோர் உறுப்பாக வரைந்துகொண்டே வருகிறான், கடைசியில் உயிர் மட்டும் தன்னால் கொடுக்க முடியவில்லை என்று உணர்கிறான், அப்போது உயிர் கொடுப்பவனை நினைத்தே ஆக வேண்டியிருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். மேலே சொன்ன ஹதீஸோடு சேர்த்துப் படியுங்கள். "உயிர் கொடு" என்ற அதே கேள்வியைத்தான் அவர் மறுபக்கமாகத் திருப்பிப் பிடிக்கிறார். ஒத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை, ஆனால் அது யோசித்துச் சொன்ன பதில்.

இன்னொன்று, இந்தப் படங்கள் பள்ளிவாசல் சுவரில் இல்லை, புத்தகத்தில் இருந்தவை. அக்பரின் அப்பா ஹுமாயூன் ஈரானில் தஞ்சம் புகுந்திருந்தபோது பழக்கமான ஓவியர்கள் மீர் சையித் அலியும் அப்துஸ் சமதும்தான் இங்கே அரண்மனை ஓவியப் பட்டறையை நடத்தினார்கள். அக்பர் காலத்தில் ஹம்ஸா என்ற வீரரின் சாகசக் கதைக்கு மட்டும் துணியில் சுமார் 1,400 படங்கள், முடிக்க ஏறக்குறைய 15 வருஷம். பல்லக்குத் தூக்குகிறவரின் மகன் தஸ்வந்த், சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்த பையன், இந்தப் பட்டறையில்தான் பெரிய ஓவியன் ஆனார். அந்த 1,400இல் இன்று இருப்பது 200கூட இல்லை. 1881இல் ஸ்ரீநகரில் சில ஜன்னலை அடைத்துக் கிடந்தனவாம், லண்டன் அருங்காட்சியகத்துக்காக வாங்கினார்கள். அவற்றில் மரம், பாறை, உடையின் பூவேலை எல்லாம் அப்படியே இருக்க, சில முகங்களை மட்டும் யாரோ சுரண்டியிருக்கிறார்கள். வரைந்தவன், சுரண்டியவன், இருவர் கைத்தடமும் ஒரே துணியில். பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

தெற்குத்தெரு வாசி:
இடம் முக்கியம் என்பது மிகச் சரி. டமாஸ்கஸ் பெரிய பள்ளியில் (கி.பி. 706–715) மொசைக்கில் ஆறு, மரம், மாளிகை எல்லாம் இருக்கிறது, ஓர் ஆள்கூட இல்லை. அந்தப் பள்ளியைக் கட்டிய அதே உமையா அரச வம்சம் அதே நூற்றாண்டில் ஜோர்டான் பாலைவனத்தில் கட்டிய குசைர் அம்ரா குளியல் மாளிகைச் சுவரில் வேட்டைக்காரர்கள், குளிக்கும் பெண்கள்! அவ்வளவு தூரம் போக வேண்டாம், கீழக்கரை பழைய ஜும்ஆ பள்ளிக்கு மாணவர்களை அழைத்து வாருங்கள். கருங்கல் தூண்கள், நம் ஊர்க் கோயில் மண்டபத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். பூ இருக்கும், கொடி இருக்கும், யாளியைத் தேடினால் கிடைக்காது.

ஒத்தையடிப்பாதை:
அக்பர் சொன்னது புதிது எனக்கு. ஆனாலும் என் கருத்து மாறவில்லை, பிள்ளையை முகம் போடச் சொல்லி மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

கரிக்கோல்:
இல்லை அண்ணா, கண்டிப்பாக மாட்டேன். இன்று அந்தச் சுரண்டிய படத்தைப் போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "பாறைகூட எவ்வளவு நல்லா போட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் மொத்த வகுப்புக்கும் காம்பஸ் வைத்து ஒரு வட்டம், அதே அளவில் சுற்றிலும் ஆறு வட்டம், அதிலிருந்து நட்சத்திரக் கோலம் என்று வைத்திருக்கிறேன். பாதிப் பேரின் காம்பஸ் லொடலொடக்கிறது, திருகை இறுக்க சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்க வேண்டும்.