பொருள்: இசையில் ‘சாம்பிள்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> சாம்பிளுக்குத்தான் ‘மாதிரி’ இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

இருக்கிறது, சிக்கலே அதுதான். ஒலிப்பொறியியலில் மாதிரி என்பது அலையை நொடிக்கு இத்தனை முறை அளந்து எடுக்கும் ஒற்றை மதிப்பு. குறுந்தட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள். இசைக்கலைஞர் எடுப்பதோ ஒரு குரல், ஒரு தாளக்கட்டு, சில நொடி ஓடும் ஒரு துண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ‘இந்த மாதிரியில் எத்தனை மாதிரிகள்’ என்று எழுத நேரும். அப்புறம், ‘இந்தப் பாட்டில் ஒரு மாதிரி இருக்கிறது’ என்றால் படிப்பவர் என்ன நினைப்பார்?

நான் எழுதிக்கொண்டிருப்பது ஹோல்கர் சூக்காயின் ‘மூவீஸ்’ என்ற தனி இசைத்தொகுப்பு பற்றி. ஜெர்மனியின் கேன் குழுவில் பாஸ் கிட்டார் வாசித்தவர். கொலோன் நகரில் இசையமைப்பாளர் ஷ்டாக்ஹவுசனிடம் படித்தவர். அந்தத் தொகுப்பு வந்தது 1979இல். அதில் ‘பெர்சியன் லவ்’ என்ற பாட்டில் கேட்கும் ஈரானியக் குரல்கள் சிற்றலை வானொலியில் பிடித்தவை. பாடியவர்கள் ஸ்டுடியோ வாசலை மிதிக்கவில்லை. அந்தக் குரலைச் சுற்றி கிட்டாரும் டிரம்மும் பின்னால் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒலிப்பதிவு நாடாவை வெட்டி ஒட்டிச் செய்த வேலை.

அதே 1979இல்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து ஃபேர்லைட் என்ற கணினி இசைக்கருவி வந்தது. இசைத்துண்டைச் ‘சாம்பிள்’ என்று அழைக்கும் வழக்கம் அந்தக் கருவியைச் செய்தவர்களிடமிருந்து பரவியது. உள்ளே எண்ணாக அளந்து வைப்பதால் அவர்களுக்கு அந்தப் பெயர் பொருந்தியது. சூக்காயின் நாடாவில் அளவையும் இல்லை, எண்ணும் இல்லை. கருவியின் பெயரை மொழிபெயர்ப்பதைவிடச் செயலைப் பார்த்துப் பெயர் வைக்கலாம் என்பது என் கட்சி. தேயிலைக் கொய்வு என்கிறோம் அல்லவா, அதுபோல் ஒலியைக் கொய்வது. கொய் + ஒலி = கொய்யொலி. கருவிக்குக் கொய்கருவி.

---

> கொய் + ஒலி = கொய்யொலி

அண்ணா, இலக்கணம் சரி. ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் முன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள். ‘கொய்யா…’ வரை வந்ததுமே வகுப்பு சிரித்துவிடும். பழத்தை நினைத்து அல்ல!

விளையாட்டு இருக்கட்டும். கொய்தால் செடியிலிருந்து ஒன்று குறைகிறது. வானொலியிலிருந்து எடுத்தால் எதுவும் குறைவதில்லை. எனக்கு ‘ஒலிநறுக்கு’ பிடித்திருக்கிறது. ஓலைநறுக்கு என்று ஏற்கெனவே சொல் உண்டு. காதுக்குப் பழகிய ஓசை. நாடாவை நறுக்கித்தான் வேலை நடந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘ஒலித்துணுக்கு’ வேண்டாம், அது செய்தியில் போடும் சின்னப் பதிவுக்குப் போய்விட்டது.

இன்னொரு கேள்வி. ‘மூவீஸ்’ தொகுப்பில் கேன் குழுவின் யாக்கி லீபட்சைட், மிக்கேல் கரோலி, இர்மின் ஷ்மிட் எல்லாரும் வாசித்திருக்கிறார்கள். கானாவைச் சேர்ந்த தாளக்கலைஞர் ரீபாப் குவாகு பாவும் உண்டு. பாதிக் குழுவுக்கு மேல் வந்து உட்கார்ந்த பிறகு அது எப்படித் ‘தனி’?

---

தங்கைக்கு,

ஒலிநறுக்கு நன்றாக இருக்கிறது, கொய்யொலியைக் கைவிடுகிறேன். வானொலியிலிருந்து எடுத்ததை வானொலி நறுக்கு என்றே சொல்லிவிடலாம், விளக்கம் தேவைப்படாது.

ஒரு எல்லைக்கோடு மட்டும் வேண்டும். வானொலிப்பெட்டியையே மேடையில் இசைக்கருவியாக வைப்பது வேறு வேலை. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1951இல் 12 வானொலிப்பெட்டிகளுக்கு ஓர் ஆக்கம் எழுதினார். ஒரு பெட்டிக்கு இருவராக 24 பேர், ஒருவர் அலைவரிசையைத் திருப்ப மற்றவர் ஒலி அளவைத் திருப்புவார். ஷ்டாக்ஹவுசன் 1968இல் சிற்றலைப் பெட்டிகளோடு கலைஞர்களை உட்கார வைத்தார். பெட்டியில் அந்த நேரம் எது வருகிறதோ அதற்கு ஏற்ப வாசிக்க வேண்டும். இவற்றில் நறுக்கு கிடையாது, அந்தக் கணம் போனால் போனதுதான். சூக்காய் கேன் குழுவின் கடைசிக் கட்டத்தில் பாஸை விட்டுவிட்டு மேடையில் சிற்றலைப் பெட்டியைத் திருகியபோது செய்ததும் இந்த வகைதான். அதே ஆள் ‘மூவீஸ்’ தொகுப்பில் பிடித்துவைத்து, நறுக்கி, இடம் பார்த்துப் பொருத்துகிறார். ஆகவே முன்னதற்கு ‘வானொலி வாசிப்பு’ என்று தனிப்பெயர் இருக்கட்டும். வானொலியில் செய்தி வாசிப்பதோடு குழம்பும் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். வேறு இருந்தால் சொல்லுங்கள்.

‘தனி’ பற்றி: கச்சேரிக் கணக்கில் மற்றவர்களைப் பக்கவாத்தியம் என்று போட முடியாது. லீபட்சைட்டின் டிரம் இல்லாமல் அந்தப் பாட்டுகள் நிற்காது. ‘உடன்கலைஞர்’ போதும் என்று நினைக்கிறேன். ஆனால் எதை வைப்பது, எதை வெட்டுவது, ஈரானியக் குரல் எந்த இடத்தில் நுழைவது என்ற முடிவெல்லாம் ஒருவருடையது. அந்த அர்த்தத்தில் அது தனித்தொகுப்புதான், தொகுத்தவர் ஒருவர்.

வேறு மறுப்பு இல்லையென்றால் ஒலிநறுக்கு, உடன்கலைஞர் இரண்டையும் விக்சனரியில் ஏற்றிவிடலாம். சாம்பிளைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளர் கருவிக்கு ‘நறுக்கி’ என்றால் காய் நறுக்கும் கருவிதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு மட்டும் யாராவது யோசியுங்கள்.